புதுசுதானுங்க்கா, கீபோர்டுதான் ஆடுது

ஏனுங்க்கா, இந்த ஓரத்துல ஒக்காந்துக்கட்டுங்களா? பாப்பா தோள்லயே தூங்கிட்டா, கை மரத்துப் போச்சு. ஐயோ, உங்க பிரிண்டர எடுக்க வேண்டாங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் ஒடுங்கிக்கறேன்.

ரிப்பேர் பாக்கறவரு உங்களையும் ஒக்காரச் சொல்லிட்டாருங்களா? என்னையும் அப்படித்தானுங்க. "என்னம்மா கம்ப்ளெய்ன்ட்டு?"ன்னு கேட்டாரு. "ஆடுதுங்க"ன்னேன். "என்ன ஆடுது?"ன்னாரு. சுத்தியும் ஆம்பளைங்க நிக்கறாங்க, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கீபோர்டுன்னு சொல்ல வந்து, அந்தப் பேரு சரிதானான்னு ஒரு சந்தேகம், விட்டுட்டேன். அவரே தூக்கிப் பாத்தாரு, ஒரு தட்டு தட்டுனாரு, "கழட்டித்தான் பாக்கோணும், ஒக்காருங்க"ன்னு அந்தக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கொண்டு போயிட்டாரு. கழட்டறாருங்க்கா. உள்ள என்னத்தப் பாப்பாரோ.

உங்களப் பாத்தா டீச்சராட்டம் இருக்கறீங்க. உங்ககிட்ட ஒருக்கா சொல்லிப் பாத்துக்கறேங்க்கா. அப்பறம் அவரு கூப்புட்டா தடுமாறாமச் சொல்லிருவேன். எதைச் சொல்லோணும், எதை விட்டரோணும்னு நீங்களே சொல்லுங்க. நான் ஆறாவதோட நின்னவ. இப்படியெல்லாம் யாருகிட்டயும் பேசுனதே இல்லீங்க.

புது லேப்டாப்புங்க. வாங்கி நாப்பது நாளுதான் ஆகுது.

எங்களுக்கு மல்லசமுத்திரத்துப் பக்கம். எங்கூட்டுக்காரரு ஆழ்துளைக் கெணறு போடற போர் வண்டியில இருக்கறாரு, சத்தீஸ்கர்ல. பைப்பு தூக்கற வேலைக்குப் போயி, அப்பறம் டிரில்லராகி, இப்ப ரெண்டு வண்டிக்கு மேனேசருங்க. எந்த ஊர்ல எத்தன அடி போட்டாங்க, எத்தன பைப்பு எறக்குனாங்கன்னு அன்னன்னிக்கு ஓனருக்கு அனுப்போணுமாம். இதுவரைக்கும் நோட்டுல எழுதி போட்டோ புடிச்சு அனுப்பிட்டு இருந்தாரு. இனி ஒழுங்கா லேப்டாப்புல அனுப்புன்னு ஓனரு சொல்லிட்டாரு. அவரு இருக்கறது காடுங்க்கா. ஒரு டீக்கடைக்கே வண்டியெடுத்துட்டுப் போகோணும். அங்க எங்க லேப்டாப்பு வாங்கறது? அதனால இங்கயே வாங்கி வெச்சிருங்க, பாப்பா காதுகுத்துக்கு வர்றப்ப எடுத்துக்கறேன்னாரு. நாளான்னிக்கு வேசாழக்கிழம வர்றாரு. ஞாயித்துக்கிழம காதுகுத்து.

யாரு வாங்கறதுன்னு பேச்சு வந்துச்சு. நான்தானுங்க்கா சொன்னேன், யுவராசுகிட்டக் குடுங்கன்னு. யுவராசு என் தம்பி. எங்கப்பன் ஆத்தா ரெண்டு பேரும் இல்லீங்க. பொறந்தவூடுன்னா எனக்கு அவன் ஒருத்தன்தான். கம்ப்யூட்டர் டிப்ளமா ரெண்டு வருசம் படிச்சவன். முடிக்கல, ஆனா படிச்சான்.

எங்கூட்டுக்காரருக்கு அவனக் கண்டா ஆகாதுங்க்கா. அதுக்கு ஒரு கதை. நாலு வருசத்துக்கு முன்னாடி இவரு அவன வண்டிக்கு வேலைக்குக் கூட்டிட்டுப் போனாரு. பத்தாவது நாளு சொல்லாமக் கொள்ளாம ரயிலேறி வந்துட்டான். பைப்பு தூக்க ஆளில்லாம மூணு நாளு வண்டி நின்னு போச்சு. ஓனரு இவரத்தான் கேட்டாரு, "நீ கொண்டாந்த ஆளுதான?"ன்னு. அதுல இருந்து ரெண்டு வருசம் அவன் கூட பேச்சு இல்ல. நான் அழுது, கெஞ்சி, பாப்பா பொறந்தப்ப ஒரு வழியா பேச வெச்சேன். அப்பவும் ஒரு வார்த்த சொல்லி வெச்சாரு. "இன்னொருக்கா உன் தம்பி என்ன ஏமாத்துனான்னா அவன் நம்ம வாசப்படி மிதிக்கக் கூடாது, நீயும் அங்க போகக் கூடாது"ன்னு. சொன்னா சொன்னதுதானுங்க, மாத்த மாட்டாரு.

காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேணுமில்லீங்களா? அவன் மாலையோட சீரோட வந்து, பாப்பாவ மடியில வெச்சுக்கோணும். என் மாமியாளுக்கு இதுலயே பிரியமில்ல. அவங்க தம்பி மவன் ஒருத்தன் இருக்கறான், முறைக்கு அவனும் மாமன்தான், "உன் தம்பி வந்தா வர்றான், வராட்டி இவன் மடி இருக்குது"ன்னு இப்பவே சொல்லிட்டு இருக்கறாங்க. காத்துட்டு இருக்கறாங்க்கா, எதாச்சும் ஒண்ணு நடக்காதான்னு.

அதனாலதான் இந்த லேப்டாப்ப அவன் கையில வாங்க வெச்சா இவருக்கும் அவன் மேல ஒரு நம்பிக்கை வரும்னு நெனச்சேன். இவரும் சரின்னு பணத்த நேரா அவனுக்கே போட்டு விட்டாரு. ரெண்டாவது நாளே யுவராசு கொண்டாந்து குடுத்துட்டான். நல்ல துணிப்பையில போட்டு, பத்திரமா. அந்த வாரமே அவனுக்கும் ஒரு நேரம் பாருங்க, புது செல்போன் ஒண்ணு கெடச்சுது. கம்பெனியில குடுத்தாங்களாம். எந்தக் கம்பெனின்னு நான் கேக்கல. அவனுக்கு எப்பவாச்சும்தான் நல்லது நடக்குது, அதப் போயி நோண்டிக் கேப்பாங்களா?

இப்ப நான் பண்ணுன தப்பச் சொல்றேன். சிரிக்கக் கூடாது நீங்க.

வந்த அன்னிக்கே இவரு போன்ல சொன்னாரு, "புதுச் சாமான், பூசை போடாமத் தொடாதீங்க, வண்டிக்குப் போடற மாதிரியே போட்டுரு"ன்னு. புதுப் போர் வண்டி எறக்குனா திருச்செங்கோட்டுல எப்படிப் போடுவாங்கன்னு நான் பாத்திருக்கறனுங்க. மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்துவாங்க. நானும் சந்தனத்தக் கரைச்சு நாலு மூலைக்கும் பொட்டு வெச்சேன். குங்குமம் வெச்சேன். டயருக்கு எங்க போறது? கவுத்துப் பாத்தா அடியில சின்னச் சின்ன ரப்பர் கட்டை இருந்துச்சு. மூணுதான் இருந்துச்சு. நாலாவது மூலையில வெறும் பசை அடையாளம். சரி, மூணு கால் போதும்னு கம்பெனியில விட்டிருப்பாங்கன்னு, மூணுக்கும் மூணு பழம் வெச்சு, மேல கைய வெச்சு நல்லா அமுத்துனேன். பழம் நசுங்குச்சு. சாறு ஓடுச்சு. ஓடுன சாத்த முந்தானையில தொடச்சேன், ஆனா எத்தன சொட்டு உள்ள போச்சோ, யாரு கண்டா?

சாமி கும்புட்டுட்டுத் தொறந்து, நடுவுல ஒரு விரல வெச்சேங்க்கா. பொதுக்குன்னு உள்ள போச்சு. வலதுபக்கம் ஓரம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு. மேல அமுத்துனா கீழ எந்திரிக்குது, கீழ அமுத்துனா மேல எந்திரிக்குது. டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வேற. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு, நம்ம எலுமிச்சம்பழம்தான் வேலைய காட்டிருச்சுன்னு. யுவராசு கையில இருந்தப்பவும் லேசா ஆடுன மாதிரி இருந்துச்சு... இல்ல, அப்ப ஆடலைங்க. அவன் பையில இருந்து எடுத்துக் குடுத்தப்ப என் கைதான் ஆடியிருக்கும். இவ்வளவு வெலை சாமான கையில வாங்குனா ஆடாதா?

அன்னிக்கு ஆரம்பிச்சதுதான். தெனமும் ஒரு அரைமணி நேரம் தொறந்து வெய்யிக்கா, இல்லாட்டி பேட்டரி செத்துப் போகும்னு யுவராசு சொல்லியிருந்தான். மாமியா காட்டுக்குப் போனதும் தொறப்பேன். தொறக்கத் தொறக்க ஒவ்வொண்ணா தெரியுது. மூடி நிக்காதுங்க, பின்னாடி தேங்கெண்ணெ பாட்டலு வெச்சாத்தான் நிக்கும். சார்ஜு வயர எடதுபக்கமா மடக்கி, மேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சாத்தான் ஏறும். அம்புக்குறி ஒண்ணு ஓடும் பாருங்க, அது நான் தொடாமயே தன்னால ஓடும். கண்ணேறுன்னு மொளகா உப்பு எடுத்து மூணு சுத்து சுத்தி அடுப்புல போட்டேன். ரெண்டு நாளு நல்லாத்தான் இருந்துச்சு. மறுபடி ஓடுது.

எழுத்துலயும் நாலஞ்சு அழிஞ்சே இருந்துச்சு. யுவராசுக்குப் போன் போட்டுக் கேட்டா, "அதிகம் பொழங்கற எழுத்துக்கா, கம்பெனியில லேசாத்தான் அடிப்பாங்க"ன்னான். அடியில திருகாணி நாலுதான் இருக்குது, மத்த ஓட்டையெல்லாம் சும்மா இருக்குதே சாமின்னு கேட்டேன். "அது காத்து போறதுக்கு"ன்னான். பாருங்க, படிச்சவன்னா படிச்சவன்தான். சட்டுன்னு சொல்றான்.

மொதத் தடவ தொறந்தப்ப அதுல ஒரு போட்டோ இருந்துச்சுங்க்கா. ஒரு புருசன் பொண்டாட்டி, இடுப்புல ஒரு பையன், பின்னாடி பவானி கூடுதுறை. அந்தப் பையனுக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு. யாருடா இவங்கன்னேன். "மாடல் போட்டோக்கா, கம்பெனிக்காரங்க போடறது"ன்னான். அடுத்த நாளு வந்து அத எடுத்துட்டு மயில் படம் வெச்சுக் குடுத்தான். நானும் நெனச்சேன், எங்கயோ இருக்கற கம்பெனிக்காரன் நம்ம பவானிக்கு வந்து போட்டோ புடிச்சிருக்கறானே, நம்ம ஊருக்கும் ஒரு மதிப்புத்தான்னு.

ஏனுங்க்கா சிரிக்கறீங்க? இருமுனீங்களா? சரி சரி.

நாப்பது நாளா நான் பண்ணாத வைத்தியமில்ல. காலண்டர் தாள மடிச்சு கீபோர்டு இடுக்குல சொருகுனேன். ஒரு பக்கம் நின்னுது, மறுபக்கம் எந்திரிச்சுக்கிச்சு. ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்பு வாங்கி ஒட்டுனேன், சூட்டுல எளகிப் போச்சு. வளையல் பெட்டியில இருக்கற பஞ்ச வெட்டி அடியில குடுத்தேன். அழிஞ்ச எழுத்து மேல ஒட்டுப்பொட்டு வெச்சேன், எந்தப் பொட்டு எந்த எழுத்துன்னு எனக்கு மனப்பாடம். சிவப்பு வட்டம், பச்சை நெத்திப்பொட்டு, கருப்பு சின்னது. அதப் பாத்துப் பாத்துத்தான் பாப்பா பேர அடிக்கப் பழகுனேன். தன்விகா. இங்கிலீசுலங்க்கா. பொறப்பு சர்டிபிகேட்டப் பாத்துப் பாத்து அடிச்சேன். அன்னிக்கு ஒரு நாளுதான் இந்த லேப்டாப்பால எனக்கு ஒரு சந்தோசம்.

இனி ரெண்டு நாளுதானுங்க இருக்குது. எங்கூட்டுக்காரரு வந்து தொறப்பாரு. மிசினுலயே பொழச்சவரு, ஒரு விரல் வெச்சாத் தெரிஞ்சுரும். "என்னடா வாங்கியிருக்கறான் உன் தம்பி"ம்பாரு. நான் எலுமிச்சம்பழம்னு சொன்னா நம்போணுமே! தம்பிய மறைக்கப் பேசறாம்பாரு. மாமியா பக்கத்துலயே நிப்பாங்க. அப்பறம் யாரு மடியில பாப்பா ஒக்காருவா? நாலு நாளா சோறு எறங்கலைங்க்கா. இன்னிக்கு சந்தைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு இங்க ஈரோட்டுக்கு வந்திருக்கறேன். திருச்செங்கோட்டுலயே குடுத்திருக்கலாம், ஆனா அங்க எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி.

அந்தா கூப்புடறாருங்க்கா. பாப்பாவக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா? எந்திரிச்சா அழ மாட்டா, சும்மா பாத்துட்டே இருப்பா. எலுமிச்சம்பழம்னு சொல்லிறட்டுங்களா? சொல்லிற்றேன்.

*

குடுங்க்கா பாப்பாவ. எந்திரிக்கலையா? பாவம், வெய்யில்ல வந்தது.

ஒண்ணுமில்லீங்க. தண்ணி இருக்குதுங்களா?

எல்லாத்தையும் பிரிச்சுப் பரப்பி வெச்சிருக்கறாருங்க்கா, கோழி உரிச்சாப்புல. என் பஞ்சு, என் காலண்டர் தாளு, எல்லாத்தையும் ஒரு தட்டுல எடுத்து வெச்சிருக்கறாரு. பொட்டையெல்லாம் பாத்துட்டு அங்க வேலை செய்யற புள்ளைங்க சிரிக்குதுங்க. நான் மொதல்லயே சொல்லிட்டேன், "சார், நான் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டேன்"ன்னு. அவரு என்னையவே பாத்தாரு. அப்பறம் ஒரு லைட்ட அடிச்சுக் காட்டுனாரு. "ஒரு சொட்டுக்கூட உள்ள போகலம்மா. நீங்க ஒண்ணும் பண்ணல"ன்னாரு.

நீங்க ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னா சந்தோசந்தான வரோணும்? எனக்கு வரலைங்க்கா.

இந்தக் கீபோர்டு இந்த லேப்டாப்போடதே இல்லையாம். வேற மாடலோடது, அளவு பத்தாது, எவனோ அமுத்தி உள்ள திணிச்சிருக்கறானாம். புடிக்கற பல்லெல்லாம் ஒடஞ்சு கெடக்குது. அதுதான் ஆடுதாம். நான் ஆட வெக்கல. உள்ள ஒரு சீட்டு ஒட்டியிருக்குது, ஏதோ ஒரு சர்வீஸ் கடைக்காரங்க ஒட்டுனது, பேனாவுல தேதி எழுதியிருக்குது. மூணு வருசத்துக்கு முந்துன தேதி. அப்பறம் ஒரு பல்லி முட்டை ஓடுங்க்கா. காஞ்சு பொடிப்பொடியா. நான் சொன்னேன், "எங்கூட்டுப் பல்லிதான் சார், எங்கூட்டுல நெறையா இருக்குது"ன்னு. அவரு அந்த முட்டை ஓட்ட ஊதி விட்டாரு. "இது புதுசில்லம்மா. ரெண்டு கையாச்சும் மாறியிருக்கும். யாரு வாங்கிக் குடுத்தது?"ன்னு கேட்டாரு.

நான் சண்டை போட்டேங்க்கா. நானு! "புதுசுதானுங்க, எங்களுக்குத் தெரியாதா?"ன்னு கத்திட்டேன். உங்களுக்கு இங்க கேட்டுச்சுங்களா? அத்தன பேருக்கு முன்னாடி. எனக்கே என் கொரலு யாரோடதோ மாதிரி இருந்துச்சு.

கடைக்காரன் அவன ஏமாத்தியிருப்பானுங்க. சின்னப் பையன், சிரிச்சுப் பேசுனா நம்பிருவான். அப்படித்தான் இருக்கும். ஆனா அந்தப் போட்டோவ எடுத்துட்டு மயில் வெச்சானே... அத ஏன் எடுத்தான்? பவானிக்காரங்க அவங்க. பொண்டாட்டி புள்ளையோட நின்னு போட்டோ எடுத்து, ஆசையா வெச்சிருந்திருக்கறாங்க.

நான் ரிப்பேர் பாக்கறவருகிட்டக் கேட்டுட்டேங்க்கா, "எலுமிச்சம்பழத் தண்ணி பட்டுக் கெட்டுப் போச்சுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார், கடை சீல் வெச்சு"ன்னு. "பாக்கறதத்தாம்மா எழுதுவேன்"ன்னுட்டாரு. தப்பா பேசல, மரியாதையாத்தான் சொன்னாரு.

நீங்க சொல்றது நியாயந்தானுங்க்கா. உள்ளதச் சொல்லிரலாம். உங்களாட்டம் படிச்சவங்க சொல்லிருவீங்க. எனக்கு ஞாயித்துக்கிழம இருக்குதே! ஞாயித்துக்கிழம அங்காளம்மன் கோயில் முன்னாடி பந்தல்ல எம்பொண்ணு இன்னொருத்தன் மடியில ஒக்காந்து அழுவா, என் தம்பி எங்கயோ டீக்கடையில நிப்பான். அதுக்கப்பறம் எனக்குப் பொறந்தவூடுன்னு போறதுக்கு ஒரு தெச இருக்குதுங்களா?

போன் அடிக்குது, எங்கூட்டுக்காரருதான் கூப்புடறாரு. அவரேதானுங்க்கா. ஐயோ, என்ன பண்ண? எடுக்காட்டியும் சந்தேகப்படுவாரு. இருங்க, இருங்க.

அலோ... ஆமாங்க... ஊட்டுல இல்லீங்க. ஈரோட்டுல இருக்கறேன்... இல்லீங்க, பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல, தூங்கறா... அது வந்துங்க... லேப்டாப்பு கெட்டுப் போச்சுங்க... நான்தானுங்க. பூசை போட்டன்ல, அப்ப எலுமிச்சம்பழம் வெச்சு அமுத்துனனா, சாறு உள்ள போயிருச்சுங்க... ஆமாங்க, அடியில... மூணு பழம்... கடையில காட்டுனேன், இனி ஆகாதுன்னுட்டாங்க... அவனா? அவனுக்கு இன்னும் தெரியாதுங்க. அவன் நல்லதாத்தான் வாங்கியாந்தான்... ம்... ம்... இல்லீங்க, அவனுக்கு எதுக்குங்க மறுபடி... ஏனுங்க, நீங்க வந்து நீங்களே பாத்து... ம்... சரிங்க... தொடலைங்க... சரிங்க.

வெச்சுட்டாரு.

சிரிக்கறாருங்க்கா. வண்டிகிட்ட எல்லாரும் இருக்கறாங்க போல, அங்கயே சத்தமாச் சொல்லிச் சிரிக்கறாரு, "என் பொண்டாட்டி லேப்டாப்புக்கு எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியிருக்கறாடா"ன்னு. வண்டிக்குப் போடற மாதிரி போடுன்னு சொன்னதே அவருதான். அது அவருக்கு நெனப்புலயே இல்ல. நம்போணுமேன்னு நாலு நாளா பயந்து செத்தேன். ஒரு கேள்வி கேக்கலைங்க்கா. நான் கெடுத்தேன்னு சொன்னதும் அப்படியே எடுத்துக்கிட்டாரு. "நீதான் எதையாச்சும் பண்ணியிருப்பன்னு நெனச்சேன்"ங்கறாரு.

அதோட விட்டாரா? "உன் தம்பிய நெனச்சாத்தான் சங்கடமா இருக்குது, பாத்துப் பாத்து வாங்கியாந்திருப்பான்"ங்கறாரு. ரெண்டு வருசம் மூஞ்சியே பாக்காதவரு சொல்றாருங்க்கா, என் தம்பிய. இதக் கேக்கோணும்னு நான் எத்தன நாளு வேண்டியிருக்கறேன் தெரியுமா?

இப்ப இன்னொண்ணு வாங்கறாராம். ஓனருகிட்ட முன்பணம் கேட்டு வாங்கி, இப்பவே அனுப்பறாராம். யாருக்கு? யுவராசுக்கே. "மாப்ளையே வாங்கட்டும், அவனுக்குத்தான் வெவரம் தெரியும். நீ தொடாத. அவங்கிட்டயே இருக்கட்டும், காதுகுத்து அன்னிக்கு நேரா என் கையில குடுக்கட்டும், அப்படியே வண்டிக்குக் கொண்டு போயிருவேன்"ங்கறாரு.

காட்டுக்குங்க்கா. ஒரு திருகாணி கழண்டா மாட்ட ஆளில்லாத காட்டுக்கு. அங்க போயித் தொறப்பாரு. தொறந்தா, எந்த ஊர்ப் புருசன் பொண்டாட்டி நிப்பாங்களோ அதுல.

நான் யுவராசுகிட்ட என்னன்னு சொல்றது? "எனக்குத் தெரியும்டா"ன்னு சொன்னா அவன் ரோசக்காரன், ஞாயித்துக்கிழம வர மாட்டான். சொல்லலைன்னா மறுபடி... ஐயோ, மறுபடி அடிக்குது. அவன்தான். அதுக்குள்ளயா? எங்கூட்டுக்காரரு அவங்கிட்டப் பேசிட்டாரு போல.

அலோ, சொல்லு சாமி... சாப்புட்டியா?... ம், சொன்னாரா... ஆமா, நான்தான் கெடுத்துட்டேன்... ம்... சந்தோசமா இருக்குதா? இருக்கட்டும்டா, உங்க மாமனுக்கு உன் மேல பிரியம்தான்... எதை?... எதுக்குடா அந்தக் கெட்டுப் போனது உனக்கு?... குடுத்துட்டு வாங்குனா கொறைப்பாங்களா? இல்ல சாமி, அத... ஈரோட்டுல, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, மாடியில ஒரு கடை... நீ எதுக்கு இங்க வந்துட்டு?... அலோ... யுவராசு, இதக் கேளு. புதுசு வாங்கறீல்ல, பெட்டியப் பிரிக்காமக் கொண்டா சாமி. கடையில ஒட்டுன டேப்பு அப்படியே இருக்கோணும்... ஒண்ணுமில்ல, பாப்பா பாக்கோணுமாம், மாமன் பெட்டி பிரிக்கறத. பந்தல்லயே வெச்சுப் பிரிக்கலாம், எல்லாருக்கும் முன்னாடி. உங்க மாமனுக்கும் பெருமையா இருக்கும்... என்னடா பேச மாட்டேங்கற?... கேக்குதா?... ம். சரி சாமி. மாலை சொல்லிட்டியா? பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை பச்சையில எடு... சரி. வையி.

கடைசியில "சரிக்கா"ன்னானுங்க்கா. எதுக்குச் சரின்னானோ.

வருவானுங்க. ஞாயித்துக்கிழம கண்டிப்பா வருவான். அதுக்கு முன்னாடி இங்க வருவான். அவன் கேட்ட கேள்வியப் பாத்தீங்களா, எந்தக் கடை, எந்த மாடின்னு. இத வாங்கிட்டுப் போயி, தொடச்சு, பொட்டெல்லாம் உரிச்சு, நல்லதா ஒரு கீபோர்டு போட்டு, மறுபடி இதையே புதுசுன்னு... நான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனாலும் ஆகாதுங்க. அவன் நேருல வந்து "அக்கா"ன்னு நின்னா நான் குடுத்துருவேன். என்னையத் தெரியும் எனக்கு.

சார்... ஏனுங்க சார்... உங்களத்தானுங்க. மூட்ட வேண்டாங்க சார், அப்படியே இருக்கட்டும். நான் எடுத்துட்டுப் போகல. பாத்ததுக்கு எவ்வளவோ குடுத்தர்றேன். வெச்சுக்குங்க, ஒடச்சு எதாச்சும் சாமானுக்கு எடுத்துக்குங்க. ஆனா ஒண்ணு சார். இன்னிக்கோ நாளைக்கோ ஒரு பையன் வருவான். செவப்பா, ஒல்லியா இருப்பான், சட்டைய நல்லா மடிச்சு விட்டிருப்பான். வந்ததும் சிரிப்பான் சார். சிரிச்சான்னா உங்களுக்கே அவன ரொம்பப் புடிச்சுப் போகும். அக்கா அனுப்பிச்சாங்க, அந்த லேப்டாப்பக் குடுங்கன்னு கேப்பான்.

குடுத்துறாதீங்க சார்.